ஒரே நாளில் வன்னி முழுவதும்: அந்தப் பக்கேஜை எடுக்கலாமா?

கேள்வி இதுதான். கனடாவிலிருந்து ஓகஸ்ட் விடுமுறைக்கு ஒரு குடும்பம் வருகிறது: தாய், தகப்பன், 15 வயது மகள், 11 வயது மகன், கூடவே அம்மம்மா. தங்குவது யாழ்ப்பாணத்தில். அங்கே ஒருவர் ‘வன்னி ஒருநாள் டூர்’ என்று ஒரு நிரல் அனுப்பியிருக்கிறார். விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டால் திருக்கேதீச்சரம், மடு, வவுனியா, முல்லைத்தீவுக் கடற்கரை, வற்றாப்பளை, இரணைமடு, முறிகண்டி எல்லாம் பார்த்து இரவு ஒன்பதுக்கு வீடு. வான், டிரைவர், மத்தியானச் சாப்பாடு சேர்த்து ஒரே விலை. இதை எடுக்கலாமா? வழிகாட்டி என்று தனியாக ஒருவர் வேண்டுமா, டிரைவரே போதாதா? பிள்ளைகளுக்கு அலுக்காதா?

எடுக்க வேண்டாம். விலை கூட என்பதற்காகச் சொல்லவில்லை. விலை நியாயமாகவே இருக்கலாம். அந்த நிரலின்படி போனால் நீங்கள் பார்ப்பது A9 வீதியையும் வானின் யன்னலையும்தான்.

கணக்கைப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரி வழியாக மன்னார்ப் பக்கம் 110 கிலோமீற்றருக்கு மேல். அங்கிருந்து மடு, மடுவிலிருந்து வவுனியா, வவுனியாவிலிருந்து மாங்குளம், மாங்குளத்தில் திரும்பி முல்லைத்தீவு, பிறகு பரந்தன் வழியாக வீடு. எல்லாம் கூட்டினால் 400 கிலோமீற்றரைத் தாண்டும். முக்கிய வீதிகள் இப்போது நல்ல காப்பெற்றுத்தான், ஆனாலும் மாடு, சைக்கிள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், நெல் காயவிட்ட ஓரங்கள் எல்லாவற்றுக்கும் வேகத்தைக் குறைத்துத்தான் ஓட வேண்டும். ஒன்பது மணித்தியாலம் வானுக்குள்ளேயே போய்விடும். மிச்சத்தை ஏழு இடத்துக்குப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் இறங்கி, செருப்பைக் கழற்றி, கும்பிட்டு, படம் எடுத்து ஏறத்தான் நேரம்.

இன்னொரு சிக்கலை நிரல் எழுதினவர் யோசிக்கவே இல்லை. எங்கள் கோயில்கள் மத்தியானப் பூசையோடு நடை சாத்தினால் பின்னேரம் நாலு மணிக்குக் கிட்டத்தான் திறக்கும். அந்த நிரலில் வற்றாப்பளைக்கு வந்து சேருவது இரண்டரை மணிக்கு. அம்மம்மா பூட்டிய கதவைக் கும்பிட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

வன்னி என்று நாம் சொல்லும் நிலம் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று நாலு மாவட்டத்தில் பரந்து கிடக்கிறது. யாழ்ப்பாணத்தைப் போல ஒரு கோயிலுக்கும் அடுத்த கோயிலுக்கும் நடுவே பத்து நிமிசம் என்ற கணக்கு இங்கே இல்லை. நடுவில் காடு, வயல், குளம். அந்த நடுவைப் பார்ப்பதும் பயணத்தில் சேர்த்தி. அதனால் என் ஆலோசனை இரண்டு நாள்: ஒரு நாள் கிழக்கு, ஒரு நாள் மேற்கு. ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் ஏதாவது ஒரு திசையைத் தெரிவு செய்யுங்கள். முடியுமானால் இரண்டு நாளுக்கும் நடுவே வரும் இரவை கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ தங்குங்கள், யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி ஓடும் நேரமாவது மிஞ்சும். இரண்டு ஊரிலும் குடும்பத்தோடு தங்கக்கூடிய விடுதிகள் உண்டு. வானில் இருந்து இருந்து அலுத்த பிள்ளைகளுக்கு ஒரு பக்கத்தை ரயிலிலும் வைக்கலாம். கொழும்பு யாழ்ப்பாண ரயில் கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா நிலையங்களில் நிற்கும். நேர அட்டவணை மாறிக்கொண்டே இருப்பதால் முதல் நாளே நிலையத்தில் கேட்டுவிடுங்கள்.

முதலில் கிழக்குப் பக்கம், ஏனென்றால் நான் அதைத்தான் முதல் தெரிவாகச் சொல்வேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து விடிய வெளிக்கிட்டால் ஆனையிறவைத் தாண்டும்போது வெயில் ஏறியிருக்காது. இருபக்கமும் களப்பு, உப்பளம், நடுவே வீதி. பழைய காலத்தில் ஒல்லாந்தர் கோட்டை இருந்த இடம், பிறகு பெரிய இராணுவ முகாம், பெரிய சண்டைகள். வீதியோரத்தில் உயர்த்தி வைத்திருக்கும் கவச புல்டோசர் 1991 சண்டையின் நினைவுச் சின்னம். இராணுவம் தன் பக்கக் கதையைச் சொல்வதற்காக அங்கே வைத்தது. மகன் ‘அது என்ன’ என்று கட்டாயம் கேட்பான். அந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்லப்போகிறார் என்பதை வெளிக்கிட முதலே யோசித்து வையுங்கள். வழிகாட்டி வேண்டுமா என்ற கேள்வியின் பாதி இங்கேயே வந்துவிட்டது.

பரந்தன் சந்தியில் A35 இல் திரும்பினால் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல், முல்லைத்தீவு. 50 கிலோமீற்றர் சொச்சம். 2009 இன் முதல் ஐந்து மாதமும் லட்சக்கணக்கான சனம் இதே பாதையில்தான் நகர்ந்து நகர்ந்து கடற்கரைக்குப் போனது. வீதி இப்போது கறுப்பாகப் பளபளக்கும், இருபக்கமும் கடை, தென்னை, பள்ளிக்கூடம். தெரியாதவருக்கு ஒன்றுமே தெரியாது. நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவே ஒடுங்கி வரும் அந்த நிலத்தில் இறங்கி நின்று, தெரிந்த ஒருவர் இந்தப் பக்கம் என்ன இருந்தது, அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று கையை நீட்டிக் காட்டினால்தான் வரைபடம் விளங்கும்.

போர் முடிந்த அடுத்த சில வருடங்களில் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்து புதுக்குடியிருப்பில் பிரபாகரனின் நிலக்கீழ் வீட்டையும், கிளிநொச்சியில் சரிந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியையும், முல்லைத்தீவுக் கரையில் 2006 டிசம்பரில் தட்டிய ஃபாறா 3 என்ற ஜோர்தான் கப்பலையும் பார்த்துப் போனது. நிலக்கீழ் வீட்டை 2013 ஒக்டோபரில் இராணுவமே தகர்த்தது. கப்பலையும் வெட்டிக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனால் அந்தப் பழக்கத்தின் மிச்சமாக இன்னும் சில டூர் நிரல்களில் ‘போர் இடங்கள்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கூசும். முள்ளிவாய்க்காலுக்குப் போகலாம், போகவும் வேண்டும் என்பேன். 15 வயது மகளுக்கு அது விளங்கக்கூடிய வயசு. ஆனால் போகிற விதம் ஒன்று இருக்கிறது. நினைவிடத்தில் செல்ஃபி வேண்டாம். பக்கத்து வீட்டில் இருப்பவர் தன் பிள்ளையை அந்த மணலிலேயே விட்டவராக இருக்கலாம். அவரை நிறுத்தி வைத்துக் கதை கேட்க வேண்டாம். அவராகச் சொன்னால் கேளுங்கள், இடையில் கமராவை எடுக்காதீர்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய போராட்டத்துக்கும் இது பொருந்தும். அவர்கள் கையில் இருக்கும் படங்கள் காட்சிப் பொருள் இல்லை. பக்கத்தில் போய் இருந்து கதைக்க முடியுமானால் போங்கள்.

முல்லைத்தீவுக் கடற்கரை நீளமானது, அழகானது, நிழலில்லாதது. 2004 சுனாமி இந்த ஊரை அடித்துத் துடைத்தது. நீச்சல் தெரியும் என்பதற்காகப் பிள்ளைகளை ஆழத்துக்கு விடாதீர்கள். கரை சட்டென்று இறங்கும், இழுப்பும் உண்டு, கூப்பிட்ட குரலுக்குக் காவலர் வரமாட்டார். காலை நனைத்து, கரைவலை இழுக்கிறார்கள் என்றால் நின்று பார்த்து, மீன் என்ன விலை என்று கேட்டு வர அரை மணித்தியாலம் போதும்.

இனி வற்றாப்பளை. ஓகஸ்ட்டில் நீங்கள் காண்பது நந்திக்கடல் கரையில் அமைதியாக நிற்கும் ஒரு கண்ணகி அம்மன் கோயில். வைகாசியில் வந்தால் அதே இடத்தில் லட்சம் சனம். வைகாசிப் பொங்கலின் முன்வேலைகளைச் சொல்லத் தெரிந்த ஒருவர் கூட இருந்தால்தான் இந்தக் கோயிலுக்குப் போனதில் அர்த்தம். பாக்குத் தெண்டல் என்ற சடங்கோடு தொடங்கும். பிறகு சிலாவத்தைத் தீர்த்தக்கரைக்குப் போய்க் கடல் நீர் எடுத்து, அதை முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். அந்த உப்பு நீரில்தான் விளக்கு எரியும். எண்ணெய் இல்லை, கடல் தண்ணீர். ஒரு கிழமை அங்கே எரிந்த பிறகு, திங்கட்கிழமை வற்றாப்பளையில் பொங்கல். முள்ளியவளையில் யாரைக் கேட்டாலும் இந்த வரிசையை மாறாமல் சொல்வார்கள். உங்கள் மகன் நம்பமாட்டான், ‘விஞ்ஞானப்படி எப்படி’ என்று கேட்பான். கேட்கட்டும். சிலாவத்தை, காட்டா விநாயகர், வற்றாப்பளை மூன்றும் பக்கம் பக்கமாகவே இருக்கின்றன. அதே வரிசையில் கூட்டிக்கொண்டு போனால் கதையும் வழியும் ஒன்றாக நடக்கும். எந்த டூர் நிரலிலும் இதை நான் கண்டதில்லை. எல்லாரும் வற்றாப்பளையில் மட்டும் இறக்கி ஏற்றுகிறார்கள்.

முள்ளியவளையிலிருந்து ஒட்டுசுட்டான் பக்கம் வந்தால் தான்தோன்றீஸ்வரர் கோயில். அதற்குக் கிட்டத்தான் கற்சிலைமடு. வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்ட் 25 அன்று முல்லைத்தீவுக் கோட்டையை அடித்துப் பிடித்து ஆங்கிலேயரின் பீரங்கிகளையும் கொண்டுபோனவன். இரண்டு மாதம் கழித்து ஒக்டோபர் 31 இல், கப்டன் டிறிபேர்க் படையோடு வந்து கற்சிலைமடுவில் அவனைத் தோற்கடித்தான். அதை வெள்ளைக்காரர் ஒரு கல்லில் ஆங்கிலத்தில் பொறித்து அங்கேயே நட்டார்கள். ஆக, வென்றவன் தன் பெருமைக்காக நட்ட கல், தோற்றவனின் நினைவிடமாகிவிட்டது. பூப்போடுவது தோற்றவனுக்கு. இது வாசிக்கத் தெரிந்த மகளுக்குப் பாடப் புத்தகத்தில் கிடைக்காத பாடம். யாழ்ப்பாணத்து டிரைவர் பலருக்கு இந்த இடம் தெரியாது; தெரிந்தாலும் ‘அங்கே ஒன்றுமில்லை அண்ணை, ஒரு கல்லுத்தான்’ என்று மாங்குளத்துக்கு விடுவார்.

மாங்குளத்தில் A9 இல் ஏறினால் திரும்பும் வழியில் முறிகண்டி. இதற்கு வழிகாட்டி தேவையில்லை, எந்த டிரைவரும் கேட்காமலே நிறுத்துவார். லொறி, பஸ், மோட்டார் சைக்கிள், அமைச்சரின் வாகனம், எதுவானாலும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, உண்டியலில் சில்லறை போட்டுவிட்டுத்தான் போகும். தேங்காயை ஓங்கி அடியுங்கள். பாதியில் உடையாமல் உருண்டால் பின்னால் நிற்பவர் சிரிப்பார். பிறகு கச்சான் கடைகள். வரிசையாக ஒரே மாதிரித்தான் இருக்கும், எல்லாரும் ‘இஞ்ச வாங்கோ அம்மா’ என்று கூப்பிடுவார்கள். மணலில் வறுத்த கச்சான் சூட்டோடு இருக்கிற கடையாகப் பார்த்து, ஒன்றை உடைத்துப் பார்த்து வாங்குங்கள். அம்மம்மாவுக்கு இந்த இடம் கட்டாயம் நினைவிருக்கும். A9 மூடியிருந்த வருடங்களில் இந்த ஒரு கும்பிடு இல்லாமல் போனதைப் பற்றி அவர் ஏதாவது சொல்லக்கூடும்.

அங்கிருந்து சிறிது தூரத்தில் இரணைமடுச் சந்தி, உள்ளே திரும்பினால் குளக்கட்டு. நாள் முடிய இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: விளம்பரப் படத்தில் நீங்கள் பார்த்த, வான்கதவு திறந்து வெள்ளம் சீறுகிற காட்சி மாரி மழையில், மார்கழிப் பக்கம் வருவது. குளம் 36 அடியைத் தொட்டால் ஊரே போய்ப் பார்க்கும். ஓகஸ்ட்டில் சிறுபோகத்துக்குத் தண்ணீர் கொடுத்துக் குளம் இறங்கியிருக்கும். காய்ந்த கரையில் எருமைகள் நிற்கும், தூரத்தில் தோணியில் மீன் பிடிப்பார்கள். எனக்கு அதுவும் பிடிக்கும், உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். இறங்கிக் குளிக்கலாம் என்று பிள்ளைகள் கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள். எங்கள் குளங்களில் முதலை உண்டு.

பருவத்தைப் பற்றிய இந்த ஏமாற்று பறவைகளில்தான் மிக மோசம். எல்லா வன்னி டூர் விளம்பரத்திலும் பூநாரைக் கூட்டம் நிற்கும். மன்னார் வங்காலையிலும் சுண்டிக்குளத்திலும் அவை ஆயிரக்கணக்கில் வருவது உண்மை. வங்காலை 2010 முதல் ராம்சார் என்ற சர்வதேசப் பட்டியலில் உள்ள ஈரநிலம். ஆனால் வருவது கார்த்திகைக்குப் பிறகு, பங்குனி சித்திரையோடு போய்விடும். ஓகஸ்ட்டில் அங்கே வெயிலில் வெடித்த உப்புத் தரைதான் இருக்கும். ‘பூநாரை பார்க்கலாமா’ என்று டூர்க்காரரிடம் கேளுங்கள். ஓகஸ்ட்டில் பார்க்கலாம் என்று அவர் சொன்னால் அடுத்த ஆளைத் தேடுங்கள். ஆளை எடைபோட இதைவிடச் சுலபமான கேள்வி எனக்குத் தெரியாது.

ஆடி ஆவணியில் வருபவருக்கு அந்தக் காலத்துக்கே உரியதும் உண்டு. சில வருடம் பாலைப்பழம் ஓகஸ்ட் வரை இழுக்கும். A9 ஓரத்தில், முக்கியமாக வவுனியாவுக்கும் மாங்குளத்துக்கும் நடுவில், பையில் கட்டி விற்பார்கள். மஞ்சளாகச் சின்னதாக இருக்கும், தேன் போல இனிக்கும், நாலைந்து தின்றதும் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லாதீர்கள். சிறுபோக அறுவடையும் அந்த நாட்களில்தான். சாப்பாட்டுக்கு, மாகாண விவசாயத் திணைக்களம் தொடங்கிப் பெண்கள் நடத்தும் ‘அம்மாச்சி’ உணவகம் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இருக்கிறது. குரக்கன் புட்டு, தோசை, உளுந்து வடை, இலைக்கஞ்சி என்று கண்ணுக்கு முன்னாலேயே செய்து தருவார்கள், விலையும் சுடாது. டிரைவர் கூட்டிப்போகும் ‘டூரிஸ்ட் ரெஸ்ட்டோரன்ட்’டில் அவருக்குச் சாப்பாடு சும்மா கிடைக்கும், அதற்கான காசு உங்கள் பில்லில் இருக்கும்.

மேற்கு நாள் வேறு மாதிரி. சங்குப்பிட்டிப் பாலம் 2011 இல் திறந்த பிறகு, பூநகரி வழியாக மன்னார்ப் பக்கம் போகும் A32 வீதி மிக நல்ல வழி. பூநகரிக் கோட்டையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு நேரே இறங்கலாம். வழியில் முழங்காவில், வெள்ளாங்குளம், தேவன்பிட்டி. மடு மாதாவின் சொரூபத்தை 2008 ஏப்ரலில் சண்டைக்கு நடுவே குருமார் எடுத்துக்கொண்டு வந்து வைத்தது இந்தத் தேவன்பிட்டியில்தான். சொரூபத்துக்கு அது முதல் இடப்பெயர்வும் இல்லை. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கியபோது 1670 இல் மாந்தையிலிருந்து காட்டுக்குள் கொண்டுபோய் ஒளித்த சொரூபம் அது. மடுத் தேவாலயம் வளர்ந்ததே அப்படித்தான். காலையில் மாந்தை, மத்தியானம் மடு என்று போனால் அந்த ஓட்டத்தின் இரண்டு முனையும் ஒரே நாளில் கையில் கிடைக்கும்.

மாந்தைக்குப் பக்கத்தில்தான் திருக்கேதீச்சரம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம், போர்த்துக்கேயர் இடித்துக் கல்லைக் கொண்டுபோன தலம், 1872 இல் ஆறுமுக நாவலர் இந்த இடத்தைத் தேடி மீட்க வேண்டும் என்று எழுதியபிறகு மெல்ல மெல்ல எழும்பிய தலம். கடைசிக் கும்பாபிஷேகம் 2022 இல். பாலாவித் தீர்த்தத்தில் கால் நனைத்துவிட்டு, பதினொரு மணிக்கு முன் கும்பிட்டு முடித்துவிடுங்கள்.

மன்னாருக்குள் போனால் பள்ளிமுனையில் பெருக்க மரம், பாலத்தடியில் கோட்டை, தெருவில் கழுதைகள். பிள்ளைகளுக்குக் கழுதைதான் பிடிக்கும், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தலைமன்னாரில் பழைய இறங்குதுறை. 1914 இல் இந்தியாவோடு ரயிலும் கப்பலும் இணைந்து ஓடத் தொடங்கிய வழியின் இந்தப் பக்க முனை. அம்மம்மா தலைமுறைக்கு இராமேசுவரம் போன கதை இருக்கும். நேரம் குறைவென்றால் தலைமன்னாரை விட்டுவிட்டு அரிப்புக்குப் போகலாம் என்பது என் கருத்து, பலர் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். அரிப்பில் கடலோரம் இடிந்து கொண்டிருக்கும் பெரிய கட்டடம் ஒன்று நிற்கிறது. முத்துக்குளிப்பை மேற்பார்வை பார்க்க ஆளுநர் நோர்த் 1800களின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை. ஊரில் அதை அல்லிராணிக் கோட்டை என்பார்கள். நல்ல வழிகாட்டி இரண்டு கதையையும் சொல்வார், எது கதை, எது வரலாறு என்றும் சொல்வார். அதே அரிப்பின் சின்னக் கோட்டைக்குத்தான் 1679 இல் கண்டி அரசனின் பிடியிலிருந்து தப்பிய ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ் அருவியாற்றைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். அந்த ஆற்றைத் தேக்கம் என்ற இடத்தில் மறித்துத்தான் கட்டுக்கரைக் குளத்துக்கு இன்றைக்கும் தண்ணீர் போகிறது. குளக்கட்டில் நின்று இதைச் சொன்னால் 11 வயதுக்காரனும் காது கொடுப்பான்.

மடுவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஓகஸ்ட் 15 பெருவிழா. அதற்கு முந்திய பத்து நாளும் நாலு பக்கத்திலிருந்தும் சனம் வந்து காட்டுக்குள் கூடாரம் அடித்திருக்கும். தமிழர், சிங்களவர், கத்தோலிக்கர், சைவர் எல்லாரும் இருப்பார்கள். யாத்திரையாக வருகிறீர்கள் என்றால் அந்த நாட்களில் வாருங்கள், அதைப்போல் ஒரு அனுபவம் வடக்கில் வேறில்லை. பார்த்துப் போக மட்டும் வருகிறீர்கள் என்றால் 18 ஆம் திகதிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மடு மண் எடுத்துக்கொண்டு போவது வழக்கம், பாம்புக்கடிக்குக் காவல் என்று நம்புவார்கள். கனடா விமான நிலையத்தில் மண் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதை அம்மம்மாவிடம் முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லுங்கள்.

இனி வழிகாட்டிக் கேள்வி. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை உரிமம் கொடுக்கும் வழிகாட்டிகள் நாலு வகை: நாடு முழுவதும் கூட்டிப்போகும் தேசிய வழிகாட்டி, வாகனமும் ஓட்டி விளக்கமும் சொல்லும் சாரதி வழிகாட்டி, ஒரு பிரதேசத்துக்கு மட்டும் உரியவர், ஒரே இடத்துக்கு மட்டும் உரியவர். உரிமம் உள்ளவரிடம் அட்டை இருக்கும், காட்டச் சொல்லிக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால், சிகிரியா, கண்டிப் பக்கம் போல வன்னியில் உரிமம் பெற்றவர்கள் நெருக்கமாக இல்லை. உரிமம் உள்ள ஒருவர் தெற்கிலிருந்து வந்து முள்ளியவளையைப் பற்றி மனப்பாடமாக ஒப்புவிப்பதும் நடக்கிறது. உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது இதுதான்: நல்ல டிரைவர் ஒருவர், அவரோடு அந்தந்தப் பக்கத்து ஆள் ஒருவர் அரை நாளுக்கு. ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கலாம், கோயில் பரிபாலன சபையில் இருப்பவராக இருக்கலாம், பல்கலைக்கழகம் முடித்த பிள்ளையாக இருக்கலாம். மகளுக்குத் தமிழ் விளங்கும் ஆனால் வேகமாகப் பேசினால் தவறிவிடும் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் ஆங்கிலத்தில் சொல்லக்கூடிய அந்த இளம் பட்டதாரிதான் பொருத்தம். தங்கும் விடுதியில் கேளுங்கள், இல்லையென்றால் ஊரில் உள்ள உறவினரிடம் கேளுங்கள். வன்னியில் ஆள் பிடிப்பது இன்னும் வாய்வழிதான். அவர்கள் ‘காசு வேண்டாம்’ என்பார்கள். வேண்டாம் என்றாலும் கொடுங்கள், ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வருகிறார்கள்.

வானுக்குப் பேசும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். ஹயர் பெரும்பாலும் ஒரு நாளுக்கு இத்தனை கிலோமீற்றர் என்ற வரம்போடு வரும், தாண்டினால் கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று ஏறும். கிழக்கு நாள் 250 கிலோமீற்றரைத் தாண்டும், வரம்பு 100 என்றால் மிச்சத்தின் கணக்கை முதலே எழுதி வாங்குங்கள். நிற்கும் நேரத்துக்குக் காசு உண்டா, டிரைவரின் சாப்பாடும் தங்குமிடமும் யார் பொறுப்பு, ஏசி போட்டால் வேறு விலையா, இந்த மூன்றையும் கேட்டால் பின்னேரம் முகம் சுளிக்க வேண்டி வராது. இருட்ட முன் காட்டு வீதிகளை விட்டு A9 க்கு வந்துவிடும்படி சொல்லுங்கள். மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கத்தில் யானை வீதிக்கு வரும். சரக்கு லொறிக்காரரே அங்கே ஹோர்ன் அடிக்காமல் நின்று விட்டுப் போவார்.

கண்ணிவெடி பற்றி உறவினர் பயமுறுத்தியிருப்பார்கள். சனம் போய்வரும் வீதிகள், கோயில்கள், கடற்கரைகளில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் முகமாலை போன்ற இடங்களில் அகற்றும் வேலை பல வருடமாக நடந்து வந்தது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ நாடாவோ கண்டால் அதற்குள் ஒரு அடியும் வேண்டாம். காட்டோரத்தில் ‘ஒதுங்க’ இறங்குவதையும் பிள்ளைகளுக்கு விடாதீர்கள், அடுத்த சந்திக் கடையில் கேட்டால் இடம் கொடுப்பார்கள். மகன் ட்ரோன் கொண்டுவருவான் என்று எழுதியிருக்கிறீர்கள். இலங்கையில் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி வேண்டும், வன்னியில் எந்தக் கட்டுக்குப் பின்னால் முகாம் இருக்கிறது என்று வெளியாருக்குத் தெரியாது. அனுமதி எடுக்க நேரமில்லையென்றால் அதை யாழ்ப்பாணத்து வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.